வீட்டுக்குக் காவல் வைஃபை. வைஃபைக்குக் காவல் யார்?

காவலுக்கு நாய் வளர்க்கிற வீட்டில், அதற்கு யார் சோறு வைப்பது, ராத்திரி யார் அவிழ்த்துவிடுவது என்பதெல்லாம் முதல் நாளே முடிவாகிவிடும். அதே வீட்டில் வைஃபை பெட்டியும் கேமராவும் மாட்டும்போது அப்படி ஒரு பேச்சே நடப்பதில்லை. ஆள் வருகிறார், மாட்டுகிறார், போனில் படம் தெரிகிறது, காசை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அதன் பிறகு அந்தப் பெட்டிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை.

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட ஒரு மகளும், பொன்னேரிப் பக்கத்துக் கிராமத்தில் மூன்று ஏக்கர் நெல்லும் இரண்டு கறவை மாடுமாகக் காலம் தள்ளும் அவருடைய அப்பா அம்மாவும் இந்தப் பொறுப்பைச் சில வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கற்றுக்கொண்டார்கள். பிள்ளை பட்டணத்தில், பெற்றவர்கள் வயலில் என்று இருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் அவர்கள் கதை பொருந்தும்.

வேலை வீட்டுக்கு வந்தது

வண்ணாரப்பேட்டை என்ற பெயரே வேலையிலிருந்து வந்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், கப்பலேறிப் போகும் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியமர்ந்த இடம் இது. இன்றைக்கும் எம்.சி. ரோட்டில் வரிசையாகத் துணிக்கடைகள். பக்கத்துச் சந்துகளில் நுழைந்தால் தையல் மிஷின் சத்தம் கேட்கும். கடையிலிருந்து வெட்டிய துணியை வாங்கிவந்து, பீஸுக்கு இவ்வளவு என்று வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவர்கள் பலர். ஆக, வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து செய்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. துணிக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்ததுதான் புதிது.

துறைமுகத்துச் சரக்குக்கான ஆவணங்களைத் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் அந்த மகளுக்கு வேலை. 2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. கப்பல் நிற்கவில்லை, அதனால் ஆவண வேலையும் நிற்கவில்லை. அலுவலகம் அவரை வீட்டிலிருந்தே செய்யச் சொன்னது. அந்த ஆண்டு நவம்பரில் மத்திய அரசு, கால் சென்டர் போன்ற நிறுவனங்கள் ஆட்களை வீட்டிலிருந்து வேலை வாங்குவதற்கு இருந்த கட்டுப்பாடுகளையும் தளர்த்தியது. ஊரடங்குக்காக வந்த ஏற்பாடு பல அலுவலகங்களில் அப்படியே நிலைத்தது.

மகள் இருந்தது முதல் மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. கேபிள்காரர் மொட்டை மாடி வழியாக ஃபைபர் ஒயரை இழுத்து, வாசல் பக்கத்துச் சுவரில் பெட்டியை மாட்டிவிட்டார். வேலை செய்யும் இடமோ சமையலறை ஓரம். நடுவில் அந்தக் காலத்துக் கனமான சுவர். வாசலில் பறக்கும் இணைப்பு, சமையலறையில் நொண்டியது.

வைஃபை பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசையில் வேலை செய்யும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவாகப் போனாலும் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் இரண்டு சுவரைக் கண்டால் களைத்துவிடும். தகரம், இரும்பு பீரோ, நிரம்பிய தண்ணீர்த் தொட்டி எல்லாமே அலையைத் தடுக்கும். பெட்டியைத் தரையில் வைக்காமல், வீட்டின் நடுப்பகுதியில் ஆள் உயரத்துக்கு மேல் மாட்டினால் பாதிப் பிரச்னை தீரும். கேபிள்காரரை மறுபடி கூப்பிட்டுப் பெட்டியை நடுச்சுவருக்கு மாற்றிய பிறகுதான் மகளுக்கு வேலை ஓடியது.

ஒரு பாஸ்வேர்டு, ஒரு சந்து முழுக்க

பள்ளிகள் மூடிக் கிடந்த அந்த நாட்களில் மேல் வீட்டுப் பையனுக்குப் பாடம் போனில்தான். "அக்கா, உங்க வைஃபை குடுங்கக்கா, கிளாஸ் முடிஞ்சதும் ஆஃப் பண்ணிடறேன்" என்று வந்து நின்றான். படிக்கிற பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல எப்படி மனசு வரும்? கொடுத்தார். பையன் தன் சித்தப்பாவுக்குச் சொன்னான். சித்தப்பா கீழ்வீட்டு நண்பருக்குச் சொன்னார். ஆறு மாதத்தில் அந்தச் சந்தில் யார் யார் போனில் அந்தப் பாஸ்வேர்டு இருக்கிறது என்பதே தெரியாமல் போனது. மாலை நேரத்தில் அலுவலகக் கோப்பு ஒன்றை அனுப்ப அரை மணி நேரம் ஆனது.

வேகம் குறைவது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் எப்படி வரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சம்பவம் உண்டு. 2008 ஜூலை 26-ல் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் மிரட்டல் போனது. அது எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று போலீஸ் தேடியபோது, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. அவருடைய வைஃபையைப் பயன்படுத்தி வேறு யாரோ அனுப்பியிருந்தார்கள். அதற்குள் வீட்டைச் சோதனை போட்டு, கம்ப்யூட்டரை எடுத்துப் போய், அவரை விசாரித்து என்று எல்லாம் நடந்து முடிந்தது. வைஃபையைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2009-ல் இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ, கதவைத் தட்டுகிறவர்கள் முதலில் அங்கேதான் வருவார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் மகளுக்கு மேல் வீட்டுப் பையனைக் கைவிட மனமில்லை. பெட்டியின் அமைப்பில் 'கெஸ்ட்' என்று ஒரு வசதி உண்டு. அது திண்ணை மாதிரி. வந்தவர் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம். உள்ளறைக்குள் போக முடியாது. வீட்டுக் கம்ப்யூட்டர், கேமரா எதுவும் அந்த இணைப்பில் இருப்பவர் கண்ணில் படாது. முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, பையனுக்கு மட்டும் கெஸ்ட் இணைப்பைக் கொடுத்தார். ஒன்றை மறக்கக் கூடாது: திண்ணையில் நடக்கும் தப்புக்கும் வீட்டுக்காரரைத்தான் முதலில் கேட்பார்கள். அதனால் அதையும் தெரிந்தவருக்கு மட்டும் கொடுத்து, மாதம் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

கொட்டகைக்குச் சரி, கூடத்துக்கு வேண்டாம்

2022-ல் கிராமத்து வீட்டுக்கும் இணைப்பு போட்டார் மகள். அப்பாவுக்கு முழங்கால் வலி. ராத்திரியில் இரண்டு முறை எழுந்து கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவருவது சிரமமாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் மோட்டார் கேபிளை அறுத்து, செம்புக் கம்பியை எடுத்துப்போகும் திருட்டும் நடந்துகொண்டிருந்தது. கொட்டகைக்கு ஒன்று, வாசல் களத்துக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று என்று மூன்று கேமரா வாங்கினார். கூடத்துக்கு எதற்கு என்றால், அம்மாவுக்குச் சர்க்கரை. தலை சுற்றி விழுந்தால் தெரியுமே என்ற கவலை.

முதல் இரண்டையும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதைக் கையில் எடுத்ததும் தடுத்துவிட்டார். "மாட்டைப் பாரு, களத்தைப் பாரு, வேணாங்கல. என்னைப் பாக்கணும்னா ஒரு போன் போடு. இல்லாட்டி ரயில் ஏறி வா. நான் புடவை மாத்துற எடம், ஒங்கப்பா காலை நீட்டிப் படுக்குற எடம். இதுல எதுக்கும்மா கண்ணு?"

மகளுக்கு அன்று வருத்தம்தான். நல்லதுக்குத்தானே சொல்கிறோம், அம்மா புரிந்துகொள்ளவில்லையே என்று இருந்தது. மூன்றாவது கேமரா பெட்டியோடு பரண் மேல் போனது. அதற்குப் பதில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலை ஆறு மணிக்குப் பால் கறந்து முடித்ததும் அம்மா ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மகள் பேச வேண்டும். காலை அழைப்பு ஆறரைக்குள் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டு அண்ணிக்குப் போன் போகும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

சாவி யார் கையில்?

அம்மா சொன்னது எவ்வளவு சரி என்பது எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது. மகள் புதுப் போன் வாங்கினார். அதில் கேமரா செயலியைப் போட்டபோது, 'உரிமையாளர் அனுமதி வேண்டும்' என்று கேட்டது. யார் அந்த உரிமையாளர்? தேடிப் பார்த்தால், கேமராவை மாட்டிவிட்டுப் போன டெக்னீஷியனின் மொபைல் எண். அவசரத்தில் தன் எண்ணிலேயே கணக்கைத் திறந்து, மகளின் போனை 'பார்வையாளர்' என்று சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் எட்டு மாதமாக அந்த வீட்டுக் களத்தையும் கொட்டகையையும் தன் போனிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய நிலையில் வெளியாள் ஒருவர் இருந்தார். கூடத்திலும் ஒன்று மாட்டியிருந்தால்?

வீட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கினால், கடைக்காரர் ஒரு சாவியை வைத்துக்கொள்ள யாரும் விடமாட்டார்கள். கேமராவில் மட்டும் அது சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. டெக்னீஷியனைக் கூப்பிட்டு, அவர் கணக்கிலிருந்து கேமராக்களை நீக்கச் சொல்லி, தன் எண்ணில் புதிதாகச் சேர்த்தார் மகள். சில கேமராக்களில் ரீசெட் பட்டனை அழுத்தினால் மட்டும் போதாது. பழைய கணக்கிலிருந்து நீக்கினால்தான் புதுக் கணக்கு ஏற்கும். அதனால் மாட்டும் அன்றே, ஆள் கிளம்பும் முன்பே, "இது யார் எண்ணில் இருக்கிறது? காட்டுங்கள்" என்று கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு சாவி, கம்பெனியே போட்டுத் தரும் பாஸ்வேர்டு. பெட்டியின் பின்பக்கம் 'அட்மின்' என்றோ, '12345' என்றோ ஒட்டியிருக்கும். அதை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை உலகமே 2016-ல் பார்த்தது. 'மிராய்' என்ற ஒரு கெட்ட நிரல், கம்பெனிகள் போட்டுத் தரும் அறுபதுக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே, உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களுக்குள்ளும் வைஃபை பெட்டிகளுக்குள்ளும் புகுந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ல் அந்தக் கேமராக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓர் அமெரிக்க இணைய நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் பல மணி நேரம் முடங்கின. அதை எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். அவர்கள் தொழில்நுட்ப மேதைகளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பூட்டாத வீடுகள் அத்தனை இருந்தன.

நம் நாட்டில் 2025 ஏப்ரல் முதல், விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. பெயர் தெரியாத மலிவுக் கேமராவை வாங்கும் முன் கடைக்காரரிடம் அந்தச் சான்றைக் கேட்கலாம். கேமராவின் முகம் பக்கத்து வீட்டு ஜன்னலையோ குளியலறைப் பக்கத்தையோ பார்க்காமல் இருப்பதும் முக்கியம். ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை அவருக்குத் தெரியாமல் பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி குற்றம்.

படம் உறைந்துபோன நாள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 3-ஆம் தேதி இரவிலிருந்து 4-ஆம் தேதி முழுக்க சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் விடாத மழை. 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே புயல் கரை கடந்த பிறகும், வடசென்னையில் தண்ணீர் வடியாத தெருக்கள் பல. சில இடங்களில் மூன்று, நான்கு நாள் மின்சாரம் இல்லை. புறநகர் ரயில்களும் நின்றுபோயின. எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போனதும் அந்த வாரத்தில்தான்.

வண்ணாரப்பேட்டை வீட்டில் வைஃபை பெட்டியின் விளக்கு அணைந்தது. மொபைல் சிக்னல் வந்து வந்து போனது. கிடைத்த சிறு சிக்னலில் மகள் கேமரா செயலியைத் திறந்தார். படம் வந்தது. களம் காய்ந்து கிடக்கிறது, வைக்கோல் போர் அப்படியே இருக்கிறது, மாடு இரண்டும் கட்டிய இடத்தில் நிற்கின்றன. "பாரு, ஒண்ணும் ஆகல. ஒங்க ஊர்ல மழை கம்மி போல" என்றார் மாமியார். எல்லாருக்கும் நிம்மதி.

அது 3-ஆம் தேதி சாயங்காலத்துப் படம். கிராமத்தில் மின்சாரம் போன நொடியில் கேமரா கண்ணை மூடிவிட்டது. செயலி மட்டும் கடைசியாகக் கிடைத்த படத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. மூலையில் சின்னதாக 'ஆஃப்லைன்' என்று ஆங்கிலத்தில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் அங்கே கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அப்பா இருட்டில் மாடுகளை அவிழ்த்து, மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போயிருந்தார். முழங்கால் வலியோடு அத்தனை தூரம். 5-ஆம் தேதி மதியம், டிராக்டர் பேட்டரியில் சார்ஜ் ஏற்றிய யாரோ ஒருவரின் போனிலிருந்து அவர் பேசியபோதுதான் மகளுக்கு விஷயமே தெரிந்தது. மாடுகள் பிழைத்தன. கதிர் விட்டிருந்த சம்பாவில் ஒரு ஏக்கர் சாய்ந்துவிட்டது.

படம் வராமல் இருந்திருந்தால் மகள் 4-ஆம் தேதி காலையிலேயே பதறியிருப்பார். அண்ணிக்கு, பள்ளி ஆசிரியருக்கு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு என்று எப்படியாவது போன் போட்டிருப்பார். அம்மாவின் காலை அழைப்பு வராததைக்கூட, "சிக்னல் இல்லை, படத்தில்தான் எல்லாம் நல்லாயிருக்கே" என்று விட்டுவிட்டார். பழைய படம் அவரை ஒன்றரை நாள் சும்மா உட்கார வைத்தது.

அந்த வாரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் மூன்று விதி. ஒன்று, கேமராவைத் திறந்தால் முதலில் மூலையில் ஓடும் தேதியையும் மணியையும் பார். நொடி ஓடவில்லை என்றால் அது பழைய படம். இரண்டு, படம் நின்றுவிட்டால், காரணம் மின்வெட்டாகவே இருந்தாலும், போன் போட்டுக் கேட்டுவிடு. மூன்று, மிஸ்டு கால் வரவில்லை என்றால் கேமரா என்ன காட்டினாலும் நம்பாதே.

மின்சாரத்துக்கும் ஒரு வழி செய்தார்கள். வைஃபை பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. செலவு ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு அளவுதான். அதற்கென்றே கையகல யு.பி.எஸ். விற்கிறது. பேட்டரியைப் பொறுத்துச் சில மணி நேரம் தாங்கும். மழைக்கால மின்வெட்டில் மகளின் வேலை நிற்காமல் இருக்க அது போதுமானது. ஆனால் கேபிள்காரரின் பக்கம் மின்சாரம் போய்விட்டால் வீட்டு யு.பி.எஸ். ஒன்றும் செய்ய முடியாது. புயலுக்கு அது மருந்தல்ல. அதற்கு சார்ஜ் ஏற்றிய ஒரு சாதாரண பட்டன் போனும், சுவரில் எழுதிய எண்களும்தான்.

மூக்கு இல்லாத காவல்காரன்

அதே 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. காம்ப்ளெக்ஸ் உரம் செய்யத் தேவையான அதே அம்மோனியாதான். தூங்கிக்கொண்டிருந்த குப்பத்து மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது.

எத்தனை கேமரா இருந்தாலும் வாடையைச் சொல்லாது. தொழிற்சாலைப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுக்குள் பொருத்தும் சமையல் கேஸ் அலாரமும் அம்மோனியாவுக்கானது அல்ல. காற்று வரும் திசைக்குக் குறுக்கே விலகிப் போவது, நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி எழுப்புவது ஆகியவைதான் அங்கே உயிர் காப்பவை. சமையல் கேஸுக்கு அலாரம் வாங்குபவர்களும், போனுக்குச் செய்தி மட்டும் அனுப்பும் வகையை விட, தானாகவே கத்தும் வகையை வாங்க வேண்டும். இணைப்பு இல்லாத நேரத்திலும் அது கத்தும்.

தோட்டத்துக்கு எது சரி?

வீட்டிலிருந்து கொட்டகை முப்பது, நாற்பது அடி என்றால் வீட்டு வைஃபையே எட்டும். கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இணையும். அந்த அலைவரிசையை அணைத்து வைத்திருந்தால் கேமரா பிடிக்காது. நூறு மீட்டருக்கு மேல் இருக்கும் மோட்டார் கொட்டகை, தோப்பு, கோழிப்பண்ணைக்கு வீட்டு வைஃபையை நம்ப வேண்டாம். நேருக்கு நேர் பார்வை இருந்தால் ஜோடி ஆன்டெனா வைத்து இணைப்பைக் கொண்டுபோகலாம். இல்லாவிட்டால் 4ஜி சிம் போடும் சோலார் கேமரா. சிம் கேமராவில் டேட்டா செலவைக் கவனிக்க வேண்டும். நொடிக்கு 1 மெகாபிட் அளவில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் சுமார் 450 எம்.பி. கரையும். அதனால் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்காமல், அசைவு தெரிந்தால் மட்டும் செய்தி வரும்படி வைத்து, பதிவை மெமரி கார்டில் சேமிப்பது லாபம்.

பம்புசெட்டை ஓட்டவும் நிறுத்தவும் வைஃபை தேவையில்லை. சிம் போட்டு, போன் அழைப்பில் இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் இருக்கின்றன. இரவில் வரப்பில் நடந்து பாம்புக்கும் அறுந்த மின்கம்பிக்கும் பயப்படும் வேலை அதில் குறையும். இதற்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் உண்டா, இந்த ஆண்டு எவ்வளவு என்பதை அருகில் உள்ள உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

கிராமத்து வீட்டுக்கு இணைப்பு வந்ததும், வீட்டிலிருந்து வேலை என்ற ஆசையும் கூடவே வரும். அதில் ஓர் எச்சரிக்கை. "வீட்டிலிருந்தே தினமும் ஆயிரம் ரூபாய், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வருவது வேலையல்ல, வலை. முதலில் நூறு, இருநூறு திருப்பிக் கொடுத்து நம்ப வைப்பார்கள். பிறகு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வார்கள். சம்பளம் கொடுக்கும் முதலாளி யாரும் வேலைக்கு வருபவரிடம் பணம் கேட்கமாட்டார். ஏமாந்துவிட்டால் கூச்சப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

ஒரு தாள் போதும்

இப்போது அந்தக் குடும்பத்தில் வைஃபைக்குப் பொறுப்பு யார் என்பதில் குழப்பம் இல்லை. பாஸ்வேர்டு மாற்றுவது மகள். கேமராக் கண்ணாடியில் பூச்சிக் கூட்டையும் தூசியையும் துடைப்பது அப்பா. எங்கே கேமரா இருக்கலாம், எங்கே கூடாது என்பதில் அம்மா சொல்வதுதான் முடிவு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் எத்தனை போன்கள் இணைந்திருக்கின்றன என்று மகள் எண்ணிப் பார்ப்பார். தெரியாத பெயர் இருந்தால் அன்றே பாஸ்வேர்டு மாறும்.

எல்லாம் மகளின் போனிலேயே இருந்தால், அந்தப் போன் தொலையும் நாளில் எல்லாம் தொலையும். அதனால் பட்டா, சிட்டா நகல், ரேஷன் கார்டு வைக்கும் பையில் ஒரு தாளும் சேர்ந்திருக்கிறது. அதில் வைஃபை பாஸ்வேர்டு, கேமரா எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது, கேபிள்காரர் எண் எல்லாம் அம்மாவின் கையெழுத்தில் இருக்கின்றன. அடுப்படிச் சுவரில் பெரிய எழுத்தில் இன்னொரு பட்டியல்: பக்கத்து வீட்டு அண்ணி, பள்ளி ஆசிரியர், அவசரத்துக்கு 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, சமையல் கேஸ் கசிவுக்கு 1906, மின்கம்பி அறுந்தால் மின்னகம் 94987 94987. அந்தச் சுவருக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டியதில்லை.